மொய்க் கணக்கில் வராத ரத்தம்

ரத்த வங்கியில் டெக்னீஷியன் என்று சொன்னாலே காரைக்குடியில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "ஓ நெகட்டிவ் கைவசம் இருக்கா தம்பி?" என்பதுதான். கேட்கிறவர் வீட்டில் யாருக்கும் ஓ நெகட்டிவ் இருக்காது, சும்மா கேட்டு வைப்பது. அடுத்தது, "சும்மா வாங்குற ரத்தத்துக்குக் காசு கேக்குறீங்களாமே?" அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்குக் கட்டணம் கிடையாது, தனியாரில் வாங்குவது பைக்கும் பரிசோதனைக்கும் பாதுகாத்து வைப்பதற்கும் ஆகிற செலவு, அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. சரி, அது கிடக்கட்டும். இத்தனை காலம் இந்த வேலையில் இருந்து எனக்குத் தோன்றியது வேறு. நம் பக்கத்து ஆட்களுக்குக் கொடுக்கிற மனசுக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் கொடுக்க வருகிற நேரம்தான் எப்போதும் பிந்திப்போகிறது.

தை மாதம் சிறாவயல் மஞ்சுவிரட்டு அன்றைக்கு சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். யாருக்கோ வயிற்றில் குத்து, தொடையில் குத்து என்று சேதி வந்த கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பைக்கில் பையன்கள் வந்து இறங்கிவிடுவார்கள், வேட்டியில் புழுதி அப்படியே இருக்கும், ஒருத்தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வந்து, "என்கிட்ட எடுத்து அப்படியே அவனுக்கு ஏத்துங்கண்ணே" என்பான். அந்தப் பாசத்தைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு நிறையும். ஆனால் அப்படி எடுத்து அப்படியே ஏற்ற முடியாது. எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்தையும் பார்க்க வேண்டும், குரூப்பைச் சரிபார்க்க வேண்டும், அப்புறம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் போட வேண்டும். எவ்வளவு பறந்தாலும் சில மணி நேரம் ஆகும். குடல் கிழிந்து படுத்திருக்கிறவனுக்கு அந்த நேரம் கிடையாது. அவனுக்குள் ஏறுகிற ரத்தம், மார்கழி மாதத்தில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, எந்த அவசரமும் இல்லாமல் வந்து கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருவருடையது. சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தவன் கொடுப்பது அடுத்து வரப்போகிற முகம் தெரியாத ஆளுக்கு. இதை அந்த நேரத்தில் அவனுக்குப் புரியவைப்பது கஷ்டம், புரிந்தால் சில பேர் திரும்பிப் போய்விடுவதும் உண்டு.

நம் பக்கம் விசேஷ வீட்டில் மொய் நோட்டுக்கு இருக்கிற மரியாதை எல்லோருக்கும் தெரியும். அவர் நமக்கு வைத்தது இவ்வளவு, நாம் திருப்பி வைக்க வேண்டியது இவ்வளவு. ரத்தத்தையும் ரொம்பப் பேர் அந்த நோட்டிலேயே எழுதிப் பார்க்கிறார்கள். இரண்டு யூனிட் வாங்கினோம், இரண்டு ஆளை அனுப்பிவிட்டோம், கணக்கு நேர். எங்கள் பாஷையில் இப்படி வருகிறவர் ரீப்ளேஸ்மென்ட் டோனர். தப்பென்று சொல்லவில்லை, அவர்களும் வராவிட்டால் பல நாள் ஃபிரிட்ஜ் காலியாகத்தான் இருக்கும். ஆனால் அனுப்புவதற்கு ஆளே இல்லாதவர் என்ன செய்வார்? கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் தெருவையே அடைத்துக்கொண்டு நிற்கிற வீடுகளில் எத்தனை வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஆச்சி வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் தயாராக வைக்கச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்பவர் எண்பது வயது செட்டியார், அவர் கையில் ஊசி போட முடியுமா? வேலைக்காக வடக்கே இருந்து வந்து, காயம்பட்டுக் கிடக்கிற பையனுக்கும் இதே நிலைமைதான்.

சொந்தக்காரர் அனுப்பி வருகிற ரத்தத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை வெளியே யாரும் பேசுவதில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நாங்கள் சில கேள்வி கேட்போம். மஞ்சள் காமாலை வந்ததா, போதை ஊசி உண்டா, மனைவி அல்லாத வேறு உறவு உண்டா. தனி அறையில்தான் கேட்கிறோம், ஆனால் கதவுக்கு வெளியே மாமனார் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே லேபர் வார்டில் அவர் மகள். மாப்பிள்ளை "வேண்டாம், என்னிடம் எடுக்காதீர்கள்" என்று எப்படிச் சொல்வார்? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டுப் படுத்துவிடுவார். தொற்று வந்த புதிதில் எந்தப் பரிசோதனையிலும் தெரியாத ஒரு இடைவெளி உண்டு, மிஷினுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. தானாக நடந்து வந்து கொடுக்கிறவருக்கு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, சந்தேகம் இருந்தால் அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். தன்னார்வக் கொடையாளர் ரத்தம் பாதுகாப்பானது என்று போஸ்டரில் போடுவதற்கு உண்மையான காரணம் இதுதான். காசுக்கு ரத்தம் கொடுக்கிற முறையை உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பு வழியாக 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்ததும் இதே கவலையில்தான். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் திரும்பத் திரும்ப விற்றவர்களின் கதைகளை மூத்த டெக்னீஷியன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போதும் யாராவது கூட வந்தவரை "தெரிஞ்ச பையன்" என்று சொல்லிவிட்டு, பையனின் முழுப் பெயரைக் கேட்டால் முழிப்பார்கள். அப்போது நாங்கள் கொஞ்சம் உஷாராகிவிடுவோம்.

அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான நாள். அந்த வாரம் முகாம்களுக்கு ஆள் அனுப்பி மாளாது. தலைவர் பிறந்த நாள், நடிகர் பிறந்த நாள், கல்லூரி விழா என்றாலும் அப்படித்தான், ஒரே நாளில் பை பையாக வந்து குவியும், பேப்பரில் போட்டோ வரும். அதற்கப்புறம்? நாங்கள் வழக்கமாக எடுக்கிற பையில் ரத்தம் 2 முதல் 6 டிகிரியில் வைத்தால் 35 நாள் தாங்கும், சேர்மானக் கரைசல் உள்ள பையில் சிவப்பணுக்களைப் பிரித்து வைத்தால் 42 நாள். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்தே நாள், அதுவும் அறை வெப்பத்தில் ஆடுகிற தட்டில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும்போது அதற்குத்தான் அடிபிடி. நாள் கடந்த பையைக் கழித்துக் கட்டுகிற வேலை இருக்கிறதே, நான் இந்த வேலையில் வெறுக்கிற ஒன்று என்றால் அதுதான். ஒருத்தர் கை நீட்டிக் கொடுத்தது.

இன்னொரு பக்கம் சித்திரை, வைகாசி. கல்லூரிகளுக்கு லீவு, விடுதிகள் காலி. எங்கள் முகாம்களில் பாதிக்கு மேல் மாணவர்களை நம்பித்தான் நடக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும். வெயிலுக்குப் பயந்து பெரியவர்களும் வரமாட்டார்கள். ஆனால் பிரசவத்துக்கும் டயாலிசிஸுக்கும் லீவு கிடையாது, தலசீமியா என்கிற பிறவி ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் கார்கள் லீவுக்கென்றே கூடுதலாக ஓடும். முகாம் நடத்த ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் நான் வைக்கிற ஒரே வேண்டுகோள், தேதியை மே மாதத்துக்குத் தள்ளுங்கள் என்பதுதான். முக்கால்வாசிப் பேர் முகம் சுளிப்பார்கள். தலைவர் பிறந்த நாளைத் தள்ள முடியாதாம். உண்மைதான், நோயாளியை மட்டும் தள்ளலாம்.

முகாமில் எனக்குப் பிடித்த இடம் நீலக் கரைசல் வைத்திருக்கிற மேசை. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல், அடர்த்தி 1.053. விரலில் குத்தி ஒரு சொட்டை அதில் விட்டால் அது மூழ்க வேண்டும், மூழ்கினால் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையவில்லை என்று கணக்கு. மிதந்தால் கொடுக்க முடியாது. இந்த மேசையில்தான் பெண் பிள்ளைகளின் முகம் வாடும். ஆசையாகத் தோழிகளோடு கும்பலாக வருவார்கள், ஒவ்வொருத்தி சொட்டாக மிதக்கும். மிதக்காவிட்டால் எடை 45 கிலோவுக்குக் கீழே இருக்கும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வதை நாங்கள் இந்த மேசையில் கண்ணால் பார்க்கிறோம். "அப்ப நான் வேஸ்ட்டா சார்?" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், கண் சிரிக்கவில்லை. பள்ளியில் வாராவாரம் கொடுத்த சத்து மாத்திரையை என்ன செய்தாய் என்றேன், ஜன்னல் வழியாகப் போட்டோம் என்றாள். சாப்பாட்டோடு டீ குடிக்காதே, எலுமிச்சை நெல்லிக்காய் சேர்த்துக்கொள், டாக்டரைப் பார்த்துப் பூச்சி மாத்திரை, இரும்பு மாத்திரை எடு, அப்புறம் வா என்று அனுப்பினேன். இப்படித் திருப்பி அனுப்பப்படுகிற பெண்களுக்கு அந்த இடத்திலேயே உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலான முகாம்களில் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். முகாமின் வெற்றியைப் பை எண்ணிக்கையில் மட்டும் அளந்தால் அந்த நாற்காலிக்கு யார் செலவு செய்வார்கள்?

ஆண்களைத் திருப்பி அனுப்புகிற காரணங்கள் வேறு. பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகவில்லை, முந்தின இரவு கல்யாண வீட்டுச் 'சந்தோஷம்' இன்னும் இறங்கவில்லை. பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு அலகு குத்தினவர்களையும் பன்னிரண்டு மாதம் கழித்து வரச் சொல்ல வேண்டும், உடம்பில் எதைக் குத்தினாலும் அதே விதிதான். "அம்மனுக்குக் குத்தினதுங்க, அதுல எப்படி நோய் வரும்?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். அம்மன் மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு, அலகைச் சுத்தம் செய்தவர் மேல்தான் சந்தேகம் என்றேன், சிரித்துவிட்டார். விரதத்தில் இருக்கிறவர்களும் வருவார்கள், பழனிக்கு நடக்கப் போகிறோம், அதற்கு முன் ஒரு புண்ணியம் என்று. வெறும் வயிற்றில் எடுக்கவே மாட்டோம், மயக்கம் போட்டு விழுந்தால் அதைப் பார்த்த பத்துப் பேர் அடுத்த முறை வரமாட்டார்கள்.

இத்தனையையும் தாண்டி வந்து படுத்த பையனை எழுப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒரு ஆச்சி, பேரன் சென்னையிலிருந்து பிள்ளையார் நோன்புக்கு வந்தவன், நண்பர்களோடு வந்துவிட்டான், எப்படியோ தெரிந்து ஆட்டோ பிடித்து வந்து நின்றார்கள். "கல்யாணம் ஆகாத பிள்ளை தம்பி, அவன் உடம்புல ரத்தம் ஊற நான் எத்தனை வருசம் ஆக்கிப் போட்டிருக்கேன் தெரியுமா?" நான் கணக்குச் சொன்னேன். ஆச்சி, அவன் உடம்பில் ஐந்து லிட்டர் இருக்கிறது, நாங்கள் எடுப்பது 350 மில்லி, தண்ணிச் சத்து ஓரிரு நாளில் திரும்பிவிடும், சிவப்பணுக்கள் சில வாரத்தில் ஊறிவிடும், அதற்காகத்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருக்கிறோம். ஆச்சிக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறவில்லை. கடைசியில் பக்கத்துக் கட்டிலில் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார், ஐம்பது தாண்டியவர், "நான் இருபது வயசுல இருந்து குடுக்குறேன் ஆச்சி, எனக்கு மூணு பிள்ளைங்க" என்றார். அதற்கப்புறம்தான் ஆச்சி உட்கார்ந்தார்கள். நாங்கள் அச்சடிக்கிற நோட்டீஸ் எதுவும் அந்த ஒரு வரி செய்கிற வேலையைச் செய்வதில்லை.

வீட்டு விசேஷத்தில் முகாம் வைக்கலாமே என்று இப்போதெல்லாம் நான் வாய்விட்டே கேட்கிறேன். ஒரு குடும்பம் அறுபதாம் கல்யாண சாந்திக்கு மறுநாள் வைகாசியில் தங்கள் வீட்டிலேயே ஏற்பாடு செய்தது. வெளியே அனல், வளவைச் சுற்றி உயரமான கூரை, சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, கட்டில் போட்டால் ஏசி இல்லாமலே குளுகுளு. யாருக்கும் தலை சுற்றவில்லை. பிஸ்கட், ஜூஸ் பாக்கெட்டுக்குப் பதிலாக வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும், கொடுத்து முடித்தவர்கள் நகரவே இல்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த பங்காளிகளில் ரொம்பப் பேருக்கு அது முதல் முறை. அவர்களில் சிலர் ஊருக்குப் போய் அங்கே தொடர்ந்து கொடுக்கிறார்கள் என்று கேள்வி. அந்தப் பைகள் அந்தக் குடும்பத்துக்காக எடுத்தவை இல்லை, எங்கே போயின என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது, கேட்கவும் இல்லை.

"எனக்கு பி பாசிட்டிவ்தானே, ஊரெல்லாம் இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. ஊரெல்லாம் பி பாசிட்டிவ் என்றால் வார்டில் படுத்திருக்கிறவர்களிலும் அதே அளவு பி பாசிட்டிவ்தான். நெகட்டிவ் குரூப்காரர்கள் இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான், அவர்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம், போன் செய்தால் வந்துவிடுவார்கள். எங்களுக்குத் தினமும் தீர்ந்துபோவது சாதாரண குரூப்.

வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்கு மேல், காய்ச்சல் சளி இல்லை, இரவு நன்றாகத் தூங்கினீர்கள் என்றால் காலையில் இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ரத்த வங்கிக்குப் போங்கள். எந்தெந்த மையத்தில் என்ன குரூப் எத்தனை யூனிட் இருக்கிறது என்று இ-ரக்த்கோஷ் என்கிற அரசு இணையதளத்தில் பார்க்கலாம், பார்த்துவிட்டே போகலாம். மொத்தமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஊசி குத்தியிருப்பது பத்து நிமிஷத்துக்கும் குறைவு. முகாம் வைக்கிற எண்ணம் இருந்தால் மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லுங்கள், மே மாதத்துக்கு எங்களிடம் தேதிகள் தாராளமாக இருக்கின்றன.