சின்ஸான்சோ தோட்டத்தில் இரண்டு இரவுகள்

ஜூன் முதல் வாரத்தில் அம்மாவை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பயணத்தின் முதல் ஐந்து நாட்களைச் சிறிய அறைகள் கொண்ட ஒரு சாதாரண விடுதியில் கழித்துவிட்டு, கடைசி இரண்டு இரவுகளுக்கு மட்டும் புன்கியோ வட்டத்தில் உள்ள ஹோட்டல் சின்ஸான்சோவில் அறை எடுத்தேன். அந்த இரண்டு இரவுகளுக்கான வாடகை முந்தைய ஐந்து இரவுகளின் வாடகையைத் தாண்டியது. இருந்தாலும் அந்த முடிவை எடுக்க நான் தயங்கவில்லை. சுமார் 50,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்புள்ள ஒரு ஜப்பானியத் தோட்டம் அந்த விடுதியோடு சேர்ந்திருக்கிறது என்பதும், அங்கே தங்குபவர் விடியற்காலையில் எழுந்ததும் நேராக அதற்குள் இறங்கிவிடலாம் என்பதும் எனக்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

பெட்டிகளை முந்தைய நாளே கூரியரில் அனுப்பிவிட்டதால் (ஜப்பானில் ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்குப் பெட்டிகளை இப்படி அனுப்புவது மிகச் சாதாரணமான பழக்கம்) இருவரும் வெறுங்கையோடு யூராகுச்சோ தடத்தில் எதோகவாபாஷி நிலையத்தில் இறங்கி, காந்தா ஆற்றங்கரை வழியாக நடந்தோம். ஆற்றின் இரு பக்கமும் செர்ரி மரங்கள் இலை அடர்ந்து நின்றன. பத்து நிமிட நடைக்குப் பிறகு வலப்புறம் மரத்தாலான ஒரு வாயில் வந்தது. விடுதியின் முன்வாசல் மேட்டின் உச்சியில் உள்ள மெஜிரோ சாலையில் இருக்கிறது. டாக்சியில் வருபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். ஆனால் முடிந்தவர்கள் இந்தக் கீழ்வாயில் வழியாக நடந்தே வர வேண்டும் என்று சொல்வேன். அப்படி வந்தால் முதலில் தோட்டம், அதற்குள் ஏறி நடந்த பிறகே கட்டடம் என்ற வரிசையில் அந்த இடம் நமக்கு அறிமுகமாகும். அந்த இடத்தின் வரலாறும் அதே வரிசையில்தான் நடந்தது.

இந்த மேடு நெடுங்காலமாகவே கமேலியா பூக்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஊரார் இதைச் சுபாகியாமா, அதாவது கமேலியா மலை என்றே அழைத்தார்கள். 1878இல் படைத்தலைவர் யமகதா அரிதோமோ இந்த நிலத்தை வாங்கி, மாளிகையும் தோட்டமும் அமைத்து, பழைய பெயரையே வைத்துச் சின்ஸான்சோ, கமேலியா மலை இல்லம், என்று பெயரிட்டார். பின்னாளில் இரண்டு முறை பிரதமரான அவருக்குத் தோட்டக்கலையில் இருந்த ஈடுபாடு பெரியது. கியோட்டோவில் அவர் அமைத்த முரின்ஆன் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அங்கே போலவே இங்கும் ஓடும் நீரும் நிலத்தின் இயல்பான ஏற்ற இறக்கமும்தான் முதன்மை. 1918இல் தோட்டம் ஒசாகாவைச் சேர்ந்த பிரபு ஃபுஜிதா ஹெய்தாரோவின் கைக்கு மாறியது. இன்று மேட்டின் மேல் நிற்கும் மூன்றடுக்குப் பகோடாவை 1925இல் ஹிரோஷிமா பகுதியின் சிகுரின்ஜி கோயிலிலிருந்து கொண்டுவந்து நிறுவியவர் அவரே.

1945 விமானத் தாக்குதலில் மாளிகையும் பெரும்பாலான மரங்களும் எரிந்து போயின. பகோடா தப்பியது. கயிறு கட்டி வழிபடப்படும், ஐந்நூறு வயது என்று சொல்லப்படும் ஒரு ஷீ மரமும் தப்பியது. போருக்குப் பிறகு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களைக் கொண்டுவந்து நட்டு, 1952இல் விருந்துகளுக்கான தோட்டமாக இதைத் திறந்தார்கள். விடுதிக் கட்டடம் வந்தது 1992இல்தான். நாம் இன்று அடர்ந்த காடு என்று நினைத்து நிமிர்ந்து பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை கருகிய நிலத்தில் மனிதக் கைகள் மீண்டும் நட்டவை. இதை அறிந்த பிறகு அந்த நிழலில் நடந்தபோது எனக்குள் எழுந்த மரியாதை வேறு விதமானது.

அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விசாலமாக இருந்தது, சுத்தமாக இருந்தது, பணியாளர்கள் அம்மாவிடம் அவ்வளவு கனிவாக நடந்துகொண்டார்கள். தோட்டம் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுத்திருந்தோம். பகோடாவின் உச்சி மரங்களுக்கு மேலே தெரிந்தது. ஆனால் ஜன்னலிலிருந்து பார்க்கும் தோட்டம் வேறு, உள்ளே நடக்கும் தோட்டம் வேறு. மேலிருந்து பார்த்தால் பச்சைப் பரப்பு ஒன்றுதான் தெரியும். உள்ளே இறங்கினால் பாதை எங்கும் நேராக ஓடுவதில்லை. ஒரு வளைவில் அருவியின் ஓசை மட்டும் கேட்கும், அருவி தெரியாது. அடுத்த வளைவில் அருவி தெரியும்போது சற்று முன் பார்த்த பகோடா மறைந்திருக்கும். இப்படித் தெரிந்தும் மறைந்தும் காட்சிகளை அமைக்கும் முறைக்கு ஜப்பானியர்கள் மியெகாகுரே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எத்தனை முறை சுற்றினாலும் இந்தப் பன்னிரண்டு ஏக்கர் முடிந்துவிட்டது என்ற எண்ணமே வருவதில்லை. ஓவியர் இட்டோ ஜாகுச்சு வரைந்தபடி செதுக்கப்பட்டவை என்று சொல்லப்படும் ராக்கான் சிலைகள், அதாவது புத்தரின் சீடத் துறவிகளின் சிலைகள், சரிவில் ஆங்காங்கே, பாசி படிந்த முகங்களோடு அமர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நாங்கள் மூன்றாவது சுற்றில்தான் கண்டோம்.

முதல் நாள் மாலை ஒரு கிளைப்பாதையின் தொடக்கத்தில் அம்மா சட்டென்று நின்றுவிட்டார். படிக்கல்லின் நடுவில் ஒரு தேங்காய் அளவுள்ள உருண்டைக் கல், கறுப்புக் கயிற்றால் நான்கு பக்கமும் சுற்றி, மேலே பிடி போல முடிச்சிட்டு வைக்கப்பட்டிருந்தது.

"யாரோ பொட்டலத்தை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க போலிருக்கே" என்றார்.

"பொட்டலம் இல்லம்மா. இந்த வழியா இப்ப போகக் கூடாதுன்னு அர்த்தம்" என்றேன்.

சங்கிலி இல்லை, பலகை இல்லை, 'அனுமதி இல்லை' என்ற எழுத்தும் இல்லை. தேநீர்ச் சடங்கு நடக்கும் இல்லங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம் இது. ஒரு குழந்தைகூட எளிதாகத் தாண்டிவிடக்கூடிய அந்தக் கல்லை யாரும் தாண்டாமல் போவதைப் பார்த்த அம்மா, குனிந்து அந்த முடிச்சை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஜூனைத் தேர்ந்தெடுத்ததே மின்மினிகளுக்காகத்தான். 1950களிலிருந்தே இந்தத் தோட்டத்தில் கோடைத் தொடக்கத்தில் மின்மினி பார்க்கும் மாலைகள் நடக்கின்றன. இங்கே பறப்பது கெஞ்சி மின்மினி என்ற இனம். இதன் புழுக்கள் ஓடும் தெளிந்த நீரில், கவானினா என்ற சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கூட்டிலிருந்து வெளிவந்த பிறகு உணவே இல்லை, பனித்துளியைக் குடித்து ஓரிரு வாரங்களே வாழ்கின்றன. ஆகவே மின்மினி பறக்க வேண்டுமென்றால் நீரும், அந்த நீரில் நத்தையும், கரையில் முட்டையிடப் பாசியும், மேலே இருளும் வேண்டும். மாநகரத்தின் நடுவில் இவை நான்கையும் காப்பாற்றி வைத்திருப்பது எளிய வேலையன்று.

முதல் இரவு காற்று பலமாக வீசியதால் இரண்டே இரண்டு ஒளிப்புள்ளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் இரவு மழை பெய்து ஓய்ந்து, காற்றே இல்லாமல் புழுக்கமாக இருந்தது. உணவுக்கு மட்டும் வந்திருந்தவர்கள் கிளம்பிய பிறகு ஓடையின் மேல் உள்ள சிறு பாலத்தில் நின்றோம். முதலில் ஒன்று, பிறகு எதிர்க்கரையில் மற்றொன்று. பின்னர் எண்ண முடியவில்லை. கிழக்கு ஜப்பானில் கெஞ்சி மின்மினிகள் நான்கு விநாடிக்கு ஒருமுறையும் மேற்கில் இரண்டு விநாடிக்கு ஒருமுறையும் ஒளிர்வதாகப் படித்திருந்ததால் மனதுக்குள் எண்ணிப் பார்க்க முயன்றேன். இரண்டு முறைக்கு மேல் எண்ணிக்கை நிலைக்கவில்லை. ஒன்று பாலத்தின் கைப்பிடிக்கு வந்து, என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி அமர்ந்தது. ஒளி அடங்கும்போது முழுவதும் அணைந்துவிடாமல், கடைசி நொடியில் மங்கிய பச்சையாக வயிற்றின் நுனியில் சிறிது தங்கியதை அவ்வளவு பக்கத்தில்தான் பார்க்க முடிந்தது. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

2020இலிருந்து இங்கே செயற்கை மூடுபனியும் உண்டு. குறிப்பிட்ட நேரங்களில் நீரைப் பொடிப்பொடியாகத் தெளித்து, தோட்டம் முழுவதையும் மேகக் கடல்போல் மூடுகிறார்கள். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வெண்மைக்கு மேல் பகோடா மட்டும் மிதப்பது அழகுதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மூடுபனி வரும் நேரத்தில் எல்லோரும் கைபேசியோடு ஒரே பக்கம் கூடுகிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு மற்ற நேரங்களில் நடப்பதையே நான் விரும்புவேன்.

குறிப்பாக விடியற்காலையில். ஜூனில் டோக்கியோவில் நாலரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. கடைசி நாள் காலை நாங்கள் இறங்கியபோது வேறு விருந்தினர் ஒருவரும் இல்லை. சிறிது நேரத்தில் தோட்டக்காரர் ஒருவர் ஏணியைச் சாய்த்து ஒரு பைன் மரத்தில் ஏறினார். கிளை நுனிகளில் மெழுகுத்திரிபோல நீண்டிருந்த இளந்தளிர்களைக் கத்திரிக்கோல் இல்லாமல் விரலாலேயே கிள்ளினார். சிலவற்றைப் பாதியோடு, சிலவற்றை அடியோடு. ஒரே கிளையில் பத்து நிமிடம். பிறகு உடலைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பார்த்துவிட்டு, கிள்ளாமல் விட்ட ஒன்றைத் திரும்பப் போய்க் கிள்ளினார். மரத்தின் வடிவம் கலையாமல் இருக்கவும் உள்கிளைகளுக்கு வெயில் கிடைக்கவும் ஆண்டுதோறும் ஒவ்வொரு பைனுக்கும் இதைச் செய்தாக வேண்டும். பகலில் மணமக்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த மரத்தடியில் இந்த வேலையின் சுவடே இருக்காது. உதிர்ந்த தளிர்களைக்கூட அவர் கூடையில் அள்ளிக்கொண்டார்.

ஆகவே இங்கே தங்க நினைப்பவர்கள் ஒரே ஓர் இரவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மதியம் மூன்று மணிக்கு மேல் வந்து மறுநாள் காலை உணவோடு கிளம்புபவருக்குக் கிடைப்பது ஒரு விடியல்தான். அந்த இரவில் காற்று வீசினால் மின்மினியும் இல்லை. அறையின் தரத்தில் ஒரு படி குறைத்தாவது இரண்டு இரவுகள் இருங்கள்.

தோட்டக்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகு, கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கீழே நடந்தோம். முதல் நாள் மாலை அம்மா நின்ற அதே கிளைப்பாதையில் அந்தக் கல்லைக் காணவில்லை. படிக்கல்லிலிருந்து எடுத்து ஓரமாக, பாசியின் மேல் வைத்திருந்தார்கள். கயிறு இரவு மழையில் நனைந்து இன்னும் கறுத்திருந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் முதலில் காலை வைத்தார்.