தூரம் ஒண்ணு தான், டைம் மட்டும் ஏன் மாறுது?

போன வாரம் அக்கா பொண்ணு பிளைட் டிக்கெட்டை காமிச்சு, "மாமா, போறதுக்கு ஏழு மணி நேரம், திரும்பி வர எட்டு மணி நேரம்னு போட்டிருக்கு, அதே ரெண்டு ஊர் தானே?"ன்னா. நானும் பெரிய மனுஷன் மாதிரி பூமி சுத்துதுல்ல, அதனாலனு அடிச்சு விட்டுட்டேன். ராத்திரி படுத்துட்டு யோசிச்சா தான் உறைச்சுது, பூமி கிழக்கால சுத்துது, என் கணக்குப்படி கிழக்க போற பிளைட்டுக்கு தான் ஊர் தள்ளித் தள்ளி போகணும், லேட்டாகணும். நடக்கறது நேர் எதிர்!

விஷயம் காத்து. பூமியைச் சுத்தி இருக்கற காத்தும் பூமியோட சேந்தே சுத்துது, அதனால நான் சொன்னது செல்லாது. ஆனா பிளைட் பறக்கற உயரத்துல, ஒரு பத்து கிமீ மேல, மேற்குலேர்ந்து கிழக்க ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காத்து ஆறு மாதிரி ஓடுது, சில நாள் மணிக்கு 300 கிமீ கூட தாண்டும். பிளைட்டோட 900 கிமீ வேகம்ங்கறது சுத்தி இருக்கற காத்தை வெச்சு சொல்றது, தரையை வெச்சு இல்ல. காத்தே பின்னாடிலேர்ந்து தள்ளினா கேக்கணுமா. 2020 பிப்ரவரில ஒரு புயல் நேரத்துல நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு, அதாவது சுமார் 5,550 கிமீ, ஒரு போயிங் 747 நாலு மணி 56 நிமிஷத்துல போயிடுச்சு, சாதாரணமா ஆறரை ஏழு மணி நேரம் ஆகற ரூட்டு அது.

இதைவிட எனக்குப் பிடிச்சது டெல்லி - சான் பிரான்சிஸ்கோ கதை. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா அட்லாண்டிக் வழியா போறதை விட்டுட்டு பசிபிக் பக்கமா திருப்பினாங்க. தூரம் கிட்டத்தட்ட 1,400 கிமீ ஜாஸ்தி, ஆனா ரெண்டு மணி நேரம் கம்மி! எதிர்காத்துல முட்டிட்டு போறதுக்கு சுத்திட்டு போறதே மேல்னு ஆயிடுச்சு.

ஆன்லைன்ல காட்டற தூரம் உருண்டை மேல நூல் பிடிச்ச மாதிரி ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல உள்ள குறுக்கு வழி, அவ்ளோ தான். பிளைட் அப்படியே போகும்னு இல்ல. 2022ல ரஷ்யா ஐரோப்பிய பிளைட்டுகளுக்கு வான்வழியை மூடினதுக்கப்புறம், சுத்திப் போக வேண்டி வந்ததால, பின்லாந்துல இருக்கற ஹெல்சின்கி - டோக்கியோ ஒன்பதரை மணி நேரமா இருந்தது பதிமூணு பக்கம் போயிடுச்சு, ரெண்டு ஊரும் இருந்த எடத்துலயே தான் இருக்கு.

இன்னொண்ணு, டிக்கெட்ல போட்டிருக்கற நேரம் பறக்கற நேரம் மட்டும் இல்ல. கேட்லேர்ந்து நகர்ந்து, ரன்வேக்கு க்யூல நின்னு, இறங்கி மறுபடி கேட்டுக்கு வர வரைக்கும் கணக்கு, அதுல கொஞ்சம் கூடவும் போட்டு வெப்பாங்க. "சீக்கிரமே வந்துட்டோம்"னு அறிவிப்பு வர்றதுல பாதி அந்த எக்ஸ்ட்ரா தான்.

காலையில போன் பண்ணி அவகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அப்ப நேத்து சொன்னது பொய்யா மாமா?"ங்கறா.