பில்லில் இருந்த மருந்து

கடந்த ஆண்டு அப்பா நியூமோனியாவினால் பாதிக்கப்பட்டு, கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றில் ஏழு நாட்கள் தங்கிச் சிகிச்சை பெற்றார். இரண்டாம் நாள் இரவு ஊசி மருந்து ஏற்றிய சற்று நேரத்தில் அவருடைய உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. கடமையில் இருந்த தாதி உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரை அழைத்தார் என்றும், விடிவதற்குள் அப்பா தேறிவிட்டார் என்றும், மறுநாளிலிருந்து வேறு மருந்து கொடுத்தார்கள் என்றும் அன்றிரவு அவருக்குத் துணையாக நின்ற என் தங்கை சொன்னாள். வீட்டுக்கு வரும்போது கையில் தந்த டயக்னோசிஸ் கார்டில் நோயின் பெயரும், வீட்டில் எடுக்க வேண்டிய மாத்திரைகளும், இரண்டு வாரத்தில் மீண்டும் வந்து காட்ட வேண்டிய திகதியும் இருந்தன. அந்த இரவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர் எழுந்து நடந்து வீடு வந்த மகிழ்ச்சியில் நாங்களும் அதைக் கவனிக்கவில்லை.

எட்டு மாதங்களின் பின் அவருடைய காலில் ஏற்பட்ட சிறிய காயம், நீரிழிவு காரணமாகச் சீழ்பிடித்துப் பெரிதாகி, அவரை அரசாங்க வைத்தியசாலையொன்றில் அனுமதிக்க வேண்டியதாயிற்று. வாட்டில் இருந்த இளம் வைத்தியர் கேட்ட முதற் கேள்விகளில் ஒன்று, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்பது. உண்டு என்றோம். எந்த மருந்து என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்தாக இருந்தால் அந்தக் குடும்பத்து மருந்துகள் அனைத்தையும் தவிர்க்க வேண்டும் என்றும், இத்தகைய காயத்துக்கு முதலில் நினைக்கக்கூடிய மருந்தே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றும், பெயர் தெரிந்தால் தமக்குப் பேருதவியாக இருக்கும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

அன்று பிற்பகலே பழைய வைத்தியசாலையின் பதிவுப் பிரிவுக்குச் சென்றேன். அப்பாவின் தேசிய அடையாள அட்டையையும் அவர் கையொப்பமிட்ட கடிதத்தையும் கொண்டு போயிருந்தேன். கோப்பு வைத்தியசாலையின் சொத்து என்றும், அதைப் பார்ப்பதற்கோ பிரதி எடுப்பதற்கோ பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றும், பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம் என்றும், வழக்கு ஏதேனும் இருப்பின் சட்டத்தரணி மூலம் வரும்படியும் கருமபீடத்தில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார். எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஒரு மருந்தின் பெயர் மட்டுமே தேவைப்பட்டது.

அதைக் கண்டுபிடித்தவர் அம்மா. எங்கள் வீடுகளில் நோய்க் கடதாசிகளை எறிந்துவிடும் வழக்கம் இல்லை. எக்ஸ்றே படங்கள் அலுமாரிக்கு மேலும், இரத்தப் பரிசோதனை முடிவுகள் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்கு உள்ளும் ஆண்டுக்கணக்காக இருக்கும். அந்தப் பையிலிருந்து அம்மா எடுத்து வந்தது, வைத்தியசாலை தந்த பல பக்க பில். அதில் ஒவ்வொரு ஊசியும், ஒவ்வொரு கையுறையும், ஒவ்வொரு சேலைன் போத்தலும் நாள்வாரியாக, விலையுடன் அச்சிடப்பட்டிருந்தன. முதல் இரண்டு நாட்களுக்குப் பென்சிலின் வகையைச் சேர்ந்த கோ-அமொக்சிக்லேவ் 1.2 கிராம் ஊசி. மூன்றாம் நாளிலிருந்து அது நின்று, அந்த இடத்தில் வேறு குடும்பத்து மருந்தான லெவோஃப்லொக்சசின். இரண்டாம் நாளின் முடிவில், ஒவ்வாமைக்குக் கொடுக்கப்படும் அட்ரினலினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் ஒவ்வொரு தடவை. இளம் வைத்தியர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவின் டிக்கட்டின், அதாவது வாட்டுச் சிகிச்சைக் குறிப்பேட்டின், மேல் மூலையில் மருந்தின் பெயரைச் சிவப்பு மையினால் எழுதினார்.

அன்றிலிருந்து இந்த விடயம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. நாங்கள் செலுத்திய பணத்துக்கான கணக்கு, கேளாமலே, கடைசி ரூபாய் வரை எங்கள் கையில் தரப்பட்டது. அந்தப் பணத்தைக் கொண்டு அப்பாவின் உடம்பில் என்ன செய்யப்பட்டது என்ற கணக்கு மாத்திரம் வைத்தியசாலையின் சொத்தாக உள்ளே தங்கிவிட்டது. அன்று எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பில்லை வைத்து மருந்தை ஊகிக்க முடிந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெற்ற ஒருவருக்குப் பில் என்ற ஒன்றே கிடையாது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

கோப்பு யாருடையது என்ற கேள்வியில் இரண்டு வேறு விடயங்கள் கலந்துபோய்க் கிடக்கின்றன என்பது என் எண்ணம். கடதாசி வைத்தியசாலை வாங்கியது, எழுதியவர் அதன் ஊழியர், பாதுகாக்கும் பொறுப்பும் அதனுடையது. ஆகவே மூலப்பிரதி அங்கேயே இருப்பது நியாயம். ஆனால் அதில் எழுதப்பட்டிருப்பது ஒரு மனிதரின் மூச்சும் இரத்தமும் வலியும். இந்த வேறுபாட்டைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1992ஆம் ஆண்டில் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. புதிய வைத்தியரிடம் மாறிய ஒரு பெண், முன்னர் தனக்குத் தரப்பட்டுவந்த தைரொயிட் மாத்திரைகள் தேவையற்றவை என்று அறிந்து, தன் முழுக் கோப்பையும் கேட்டார். புதிய வைத்தியரோ தாம் எழுதியவற்றை மாத்திரம் தந்து, ஏனைய வைத்தியர்கள் எழுதியவை அவர்களுடைய சொத்து என்றார். கோப்பு என்ற பொருள் வைத்தியருக்கே உரியதாயினும், அதிலுள்ள தகவலைப் பார்க்கவும் பிரதி பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு என்றும், அது அவருக்குத் தீங்கு விளைவிக்கும் என்று மறுப்பதாயின் அதை நிரூபிக்கும் பொறுப்பு வைத்தியருடையது என்றும் நீதிமன்றம் தீர்த்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அவுஸ்திரேலியாவின் மேல் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாக, பொதுச் சட்டத்தில் அத்தகைய உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தபோது, அந்நாட்டு நாடாளுமன்றம் 2000ஆம் ஆண்டில் சட்டமியற்றி அந்த உரிமையைத் தனியார் துறைக்கும் விரித்தது. அயலில் இந்தியாவில், நோயாளி கேட்டால் 72 மணித்தியாலங்களுக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் கூறுகின்றன.

வெளிநாடுகளை மாத்திரம் பார்க்க வேண்டியதில்லை. இலங்கையில் பிள்ளை பிறந்தவுடன் தாயின் கையில் தரப்படும் சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை நாம் எல்லோரும் அறிவோம். தடுப்பூசி, நிறை, உயரம், வளர்ச்சிக் கோடு எல்லாம் அதில் எழுதப்படுகின்றன. எழுதுபவர் அரசாங்க உத்தியோகத்தர், வைத்திருப்பவர் தாய். ஆண்பிள்ளைக்கு நீலமும் பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்புமான அந்தப் பதிவேட்டை எந்தத் தாயும் இலேசில் தொலைத்ததாக நான் கேள்விப்படவில்லை. பாடசாலை அனுமதிக்கும் அதைத்தான் கொண்டு ஓடுகிறோம். அரச வைத்தியசாலைகளின் கிளினிக் கொப்பியும் அப்படித்தான். விடியற்காலையில் நீரிழிவுக் கிளினிக் வரிசையில் நிற்கும் முதியவர்களின் கையில், கடதாசி உறை போட்டு, விளிம்பு கிழியாமல் காத்த அந்தக் கொப்பி இருக்கும். நோயாளி தன் பதிவைப் பொறுப்புடன் வைத்திருக்க மாட்டார் என்று சொல்பவர்கள் அந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அதே கொப்பிதான் மறுபக்கத்தையும் எனக்குக் காட்டியது. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கியபோது, அங்கிருந்த எங்கள் மாமியின் பத்தாண்டுக் கிளினிக் கொப்பிகள் வெள்ளத்தோடு போயின. வைத்தியசாலையில் அவற்றுக்குப் பிரதி இருக்கவில்லை. அவர் தன் மருந்துகளின் அளவுகளை நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே நான் கேட்பது, பதிவை இவரிடமிருந்து பறித்து அவரிடம் கொடுப்பதன்று. இரண்டு இடத்திலும் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வாட்டில் தங்கியவருக்கோ அந்தக் கொப்பியும் இல்லை. அவருடைய உண்மையான கதை இருப்பது நாம் டிக்கட் என்று சொல்லும் பெட் ஹெட் டிக்கட்டில்தான். எந்த மணிக்குக் காய்ச்சல், எந்த மணிக்கு ஊசி, யார் பார்த்தார், என்ன முடிவு செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்குப் போகும்போது அது பதிவறைக்குப் போய்விடும். நமக்குக் கிடைப்பது, வேலைப்பளுவின் நடுவே அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு பக்கச் சுருக்கம்.

அரச வைத்தியசாலையாயின் அதைப் பெறுவதற்கு நம் கையில் ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம், ஒருவரின் மருத்துவப் பதிவுகளைப் பிறருக்கு வெளியிடுவதைத் தடுக்கிறது. ஆனால் அவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை விலகுகிறது. தன் பதிவைத் தானே கேட்பவர் ஏன் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. முடிவைத் தெரிவிக்கப் 14 வேலை நாட்கள் உண்டெனினும், ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட கோரிக்கையாயின் 48 மணித்தியாலங்களுக்குள் பதில் தர வேண்டும். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரைக் கேட்பது உயிரோடு சம்பந்தப்பட்டதில்லை என்று யார் சொல்ல முடியும்?

தனியார் வைத்தியசாலைகளை மனதிற்கொண்டு எழுதப்பட்ட சட்டமன்று அது. அங்கே கைகொடுக்க வேண்டியது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். உடல்நலத் தரவை விசேட வகைத் தரவாகக் கருதி, தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் பிழையிருந்தால் திருத்தக் கேட்கவும் அது ஒருவருக்கு உரிமை தருகிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வருவதாக இருந்து பின்போடப்பட்டபோது, அதைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் வங்கிகளையும் தொலைபேசி நிறுவனங்களையும் பற்றியே பேசினார்கள். வாட்டில் படுத்திருப்பவரைப் பற்றியும் யாராவது பேசியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வைத்தியர்களின் தயக்கத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பாதி புரிந்துகொண்டு நோயாளி பயந்துவிடுவார், ஒவ்வொரு வரியும் வழக்காகிவிடும், மனநோய் சம்பந்தமான குறிப்புகள் குடும்பத்தாரின் கையில் அகப்பட்டால் நோயாளிக்கே கேடாகும் என்கிறார்கள். கடைசியாகச் சொன்னது மிகவும் உண்மை. அதனால்தான் உரிமை நோயாளிக்குரியதாக இருக்க வேண்டும், குடும்பத்துக்குரியதாக இருக்கக் கூடாது. நானும் அப்பாவின் கையொப்பத்தோடுதான் போக வேண்டும், போனேன். வழக்கைப் பற்றிய அச்சத்துக்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான்: அதே அப்பா காப்புறுதி நிறுவனத்தின் படிவத்தில் கையொப்பமிட்டபோது, அந்த நிறுவனம் கேட்ட பக்கங்கள் எல்லாம் சில நாட்களில் அதற்குப் போய்ச் சேர்ந்தன. அவருடைய கையொப்பம் ஒரு நிறுவனத்துக்குக் கதவைத் திறக்குமானால், அவருக்கும் திறக்க வேண்டும்.

ஐந்தாவது வாரத்தில் பழைய வைத்தியசாலையிலிருந்து பிரதி வந்தது. 43 பக்கங்கள். இரண்டாம் நாள் இரவுக்குரிய பக்கத்தில், 2.40 மணி என்று குறித்து, மருந்தின் பெயர், எவ்வளவு ஏறியபோது நிறுத்தப்பட்டது, உதடு எப்படி இருந்தது, யாரை அழைத்தது, எத்தனை நிமிடத்தில் அவர் வந்தார் என்பதையெல்லாம் அந்தத் தாதி ஒழுங்கான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஒன்றும் மறைக்கப்படவில்லை. அவருடைய கடமையை அவர் முழுமையாகச் செய்திருந்தார். அது எங்களிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கோப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், அந்தப் பக்கத்தை அப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவர் மறுபடியும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

சென்ற கிளினிக் நாளில் அப்பா தன் கொப்பியின் முதற் பக்கத்தைத் தானே திறந்து வைத்தியரிடம் நீட்டி, மருந்தின் பெயரை அங்கே எழுதித் தரும்படி கேட்டார். வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டார். வீட்டுக்கு வந்ததும் அதன் கீழே நான் தமிழில் எழுதினேன். அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டுச் சிங்களத்திலும் எழுதுவித்தோம். பிறகு அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து தங்கைக்கு அனுப்பினேன்.