மிளகுத் தண்ணீர்

"கண்டதை வரை. புத்தகத்தில கிடக்கிறதை வரையாதை." எங்கள் உயிரியல் சேரின் இந்தக் குரல் கேட்காத உயர்தர வகுப்பு இருந்திராது. சென்ற தையில் சேர் காலமானார்.

1992, யாழ்ப்பாணம். போரால் மின்சாரம் இல்லாத காலம். இரவில் விளக்காக எரிந்த ஜாம் போத்தல்களில் ஒன்றை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து, அதில் மிளகை ஊறப்போட்டு மூன்று கிழமை வைத்தார். பிறகு நுணுக்குக்காட்டியைச் சன்னலோரம் நகர்த்தி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, ஒவ்வொருவராகப் பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்தவை ஓடித் திரியும் புள்ளிகள் மட்டும். கொப்பியில் நான் வரைந்ததோ புத்தகத்தில் இருந்த பரமீசியம் என்ற ஒற்றைக் கல உயிர், உறுப்பெல்லாம் பெயரிட்டபடி. சேர் அதை வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார். "இதில எது நீ கண்டது?" எனக்கு வாய் எழவில்லை. தாளைக் கிழித்து என் கையில் தந்தார். அன்று அழுதேன்.

மணி அடித்த பிறகும் எங்களை இருத்தி லீவன்ஹூக்கின் கதையைச் சொன்னார். ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துப் புடவை வியாபாரி. இலத்தீனும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மிளகு ஏன் உறைக்கிறது என்று அறியத்தான் 1676இல் அதை ஊறவைத்தார். தானே செய்த ஒற்றை வில்லையினூடாகப் பார்த்தால், தண்ணீர் முழுக்கச் சிற்றுயிர்கள். அவற்றில் மிகச் சிறியவைதான் பற்றீரியா. கண்டதைத் தன் டச்சு மொழியிலேயே லண்டனிலிருந்த அறிவியல் சங்கமான ரோயல் சொசைற்றிக்கு எழுதினார். அங்கே சந்தேகப்பட்டார்கள். ஊரில் எட்டுப் பேருக்குக் காட்டிச் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் அந்தச் சங்கத்து விஞ்ஞானி ரொபேர்ட் ஹூக் தானும் மிளகுத் தண்ணீர் வைத்துப் பார்த்து, உண்மை என்றார். "தாய்மொழியில எழுதினவர்தான். கண்டதை எழுதினதால நிண்டுது" என்றார் சேர். தமிழ்மொழிமூலம் படித்த எங்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய பலம்!

1995இல் போரால் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்த பிறகு நான் ஒல்லாந்துக்கு வந்தேன். ஒருமுறை தொலைபேசியில் சேர், "டெல்ஃப்ட் கிட்டவோ? அவரைத் தாட்ட இடத்தைப் பார்த்து எழுது" என்றார். "ஓம் சேர்" என்றேன். நான் இருக்கும் ரொட்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணித்தியாலம். வேலை, பிள்ளைகள் என்று வருடங்கள் போயின.

செய்தி வந்த கிழமைதான் போனேன். பழைய தேவாலயம். 1723இல் தொண்ணூறு வயதில் இறந்த தகப்பனுக்கு மகள் மரியா எழுப்பிய நினைவுச் சின்னத்தின் முன் நெடுநேரம் நின்றேன். பிறகு வெளியே கால்வாயோரம் இருந்து, கொப்பியை விரித்துப் பென்சிலால் வரைந்தேன். அந்தத் தேவாலயத்தின் கோபுரம் சரிந்துதான் நிற்கிறது. சரிவாகவே வரைந்தேன், சேர்.