திறந்து, தொடாமல் சேமித்துப் பாருங்கள்

தளத்தின் நிர்வாகப் பக்கத்தோடு சேர்ந்தே வந்த எடிட்டர், அதாவது பக்கங்களை எழுதித் திருத்தும் பெட்டி, பழசாகிவிட்டது என்பதற்காக மட்டும் அதைத் தூக்க வேண்டியதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. பல தளங்களில் இருக்கும் சிகேஎடிட்டர் 4 என்ற எடிட்டருக்கு இலவசத் திருத்தங்கள் 2023 ஜூனோடு நின்றன, 4.22.1தான் கடைசி இலவசப் பதிப்பு. அதில் ஓடும் தளம் என்றால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

மாற்றும்போது அடிபடுவது பழைய பக்கங்கள். பழைய எடிட்டர், பக்கத்தின் மூலக் குறியீடான எச்டிஎம்எல்லையே நேராகத் திருத்தும். அடுத்து வந்த சிகேஎடிட்டர் 5 அதைப் படித்துத் தனக்கே உரிய உள் வடிவமாக மாற்றிக்கொண்டு, சேமிக்கும்போது எல்லாவற்றையும் புதிதாக எழுதும். அதற்குத் தெரியாத டேக் (எச்டிஎம்எல் குறிச்சொல்), கிளாஸ் (டேக்குக்கு இட்ட வகைப்பெயர்) எதுவும் திரும்பி வராது. எச்சரிக்கையும் வராது.

ஒரு பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்து, முன்னும் பின்னும் உள்ள எச்டிஎம்எல்லுக்கு டிஃப் (வேறுபாட்டுப் பட்டியல்) எடுங்கள். தடித்த எழுத்துக்கான பி (b) டேக் ஸ்ட்ராங் (strong) டேக் ஆகியிருக்கும். அதனால் கெடுதல் இல்லை. டேபிளைச் சுற்றி ஒரு ஃபிகர் டேக் முளைத்திருக்கும். டேபிளுக்கு மேல் வேறு டேக் குறுக்கே வராது என்று நம்பி எழுதிய சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) அங்கேதான் உடையும். ஐகானுக்காக வைத்த காலி ஸ்பேன் டேக், வீடியோவைப் பதிக்கும் ஐஃப்ரேம் டேக் இரண்டும் காணாமல் போயிருக்கலாம். தளத்தின் நகல் ஒன்றில் மிகப் பழைய முப்பது பக்கங்களையாவது இப்படிப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்ப் பக்கங்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்: எழுத்துருவைச் சொல்லும் ஃபான்ட் டேக் போனால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

காணாமல் போவதைத் தடுக்க சிகேஎடிட்டர் 5-இல் ஜெனரல் எச்டிஎம்எல் சப்போர்ட் என்ற வசதி இருக்கிறது. 'எல்லாவற்றையும் அனுமதி' என்று அதைத் திறந்துவிடாதீர்கள். டிஃப்பில் தொலைந்ததாகத் தெரிந்த டேக், கிளாஸ்களை மட்டும் சேருங்கள். தீங்கான ஸ்கிரிப்டை (பக்கத்தில் ஓடும் நிரலை) வடிகட்டும் வேலையை எடிட்டரிடம் விடவே கூடாது. எடிட்டரைத் தொடாமலே சர்வருக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்ப முடியும் என்பதால், எச்டிஎம்எல் பியூரிஃபையர் போன்ற வடிகட்டி ஒன்று சர்வர் பக்கம் இருந்தே ஆகவேண்டும்.

கைபேசியில் தமிழ் விசைப்பலகையால் ஒரு பத்தி அடித்து, நடுவில் பேக்ஸ்பேஸ் தட்டியும் பாருங்கள். கர்சர் தாவினாலோ எழுத்து இரட்டித்தாலோ அந்த எடிட்டர் வேண்டாம்.

மாற்றும் நாளில் பழைய எச்டிஎம்எல்லைத் தரவுத்தளத்தில் தனி நெடுவரிசையாக நகலெடுத்து வையுங்கள். யாரும் திருத்தாத பக்கம் பழைய வடிவிலேயே கிடக்கும். இரண்டு ஆண்டு கழித்து ஒருவர் அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தும் அன்றுதான் அது உடையும்.