கடன் போகும் விளையாட்டுப் பாடவேளை

பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு உடற்கல்விப் பாடவேளைகள் இருந்தும், அரையாண்டுத் தேர்வு நெருங்கியதிலிருந்து அவை இரண்டும் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போய்க்கொண்டிருக்கின்றன (வாங்கிய கடனைத் திருப்பித் தரும் வழக்கம் மட்டும் இதில் கிடையாது). 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. கோ-கோவில் எட்டுப் பேர் மாறி மாறி எதிரெதிர்த் திசை பார்த்து அமர்ந்திருக்க, துரத்தி ஓடும் ஒன்பதாமவர் யாருக்குக் 'கோ' கொடுப்பது என்பதை நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். அதுவும் ஒரு கணக்குதான் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். ஆசிரியர்கள் சிரித்தார்கள். மகளோ வெள்ளிக்கிழமைதோறும் விளையாட்டுக் காலணியைப் பையில் எடுத்துச் செல்வதை இன்னும் நிறுத்தவில்லை.