சாப்பாட்டை மேலே வையுங்கள், போனை அடியில்

நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரி. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்குப் போக எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வை 2024 ஆகஸ்டில் சென்னையில் எழுதிப் பாஸ் ஆனேன். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருத்தியாவது "அக்கா, எந்த புக் படிச்சீங்க, எத்தனை மாசம் படிச்சீங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றை நான் எழுதுகிறேன். தேர்வு நடக்கும் அந்த ஐந்து மணி நேரத்தில் எப்போது எழுந்து போகலாம், எதைத் தொடலாம், எதைத் தொட்டால் வம்பு. கேள்விகளைவிட என்னை ஆட்டி வைத்தது இதுதான்.

கேள்விகளைப் பற்றி எழுதவும் மாட்டேன். வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் முதல் கேள்வியே திரையில் வரும். "என்ன கேட்டாங்க" என்று கேட்பவர்கள் மன்னிக்கவும்.

இதற்கு முன்னால் நான் எழுதிய பெரிய தேர்வு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. அதில் கேட்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றும் இடைவேளை இல்லாமல் ஒரே மூச்சில் போகும். பாத்ரூம் போனால் போன நேரம் போனதுதான். ஆனால் லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில் மேஜையில் இருந்தது. சித்தி மகள் நீட் எழுதினாள். அங்கே முதல் ஒரு மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் யாரும் எழுந்து போக முடியாது. பேனாவைக்கூட அவர்களே தருவார்கள், ஒன்றரை மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு சட்டம். ஒன்றில் பழகியதை நம்பி இன்னொன்றுக்குப் போகக்கூடாது. நான் போனேன். தண்ணீர் பாட்டிலை மேஜை வரைக்கும் கொண்டுபோகலாம் என்ற நினைப்பில்தான் போனேன்.

என்கிளெக்ஸில் மொத்தம் ஐந்து மணி நேரம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. நீங்கள் பதில் சொல்வதைப் பொறுத்து கம்ப்யூட்டரே எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும். இரண்டு மணி நேரம் ஆனதும் இடைவேளை வேண்டுமா என்று திரை கேட்கும். மூன்றரை மணி நேரத்தில் இன்னொரு தடவை கேட்கும். வேண்டாம் என்று தொடரலாம். எடுத்தால் கடிகாரம் நிற்காது. இதைத் தனியாக இன்னொரு தடவை எழுதுகிறேன், ஏனென்றால் நானே இதை நாலு இடத்தில் படித்தும் மனசில் ஏற்றிக்கொள்ளவில்லை: இடைவேளை உங்கள் ஐந்து மணி நேரத்திலிருந்துதான் போகும்.

பணமும் கொஞ்சம் இல்லை. 200 டாலர் தேர்வுக் கட்டணம், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னொரு 150 டாலர். அன்றைய கணக்கில் 29,000 ரூபாய்க்கு மேல். தவறினால் 45 நாள் காத்திருந்து மறுபடி முதலிலிருந்து. அண்ணன் படகுப் பங்குப் பணத்தில் பாதி அதில் போயிருந்தது. ஐயாயிரம், பத்தாயிரமாகச் சேர்த்துக் கொடுத்தான்.

அப்போது பாம்பன் பழைய ரயில் பாலத்தை மூடியிருந்தார்கள். 2022 டிசம்பரிலிருந்து தீவுக்குள் ரயில் வரவில்லை. ரோட்டுப் பாலத்தில் பஸ்ஸில் கடலைத் தாண்டி ராமநாதபுரம் போய்தான் ரயில் ஏற வேண்டும். (2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். இனி எழுதப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.) ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏறி, திங்கள் முழுக்க சித்தி வீட்டில் இருந்துவிட்டு, செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தேர்வு. ரயிலிலிருந்து இறங்கி நேராகத் தேர்வுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உள்ளே விடாமல் போகலாம், கட்டணமும் போய்விடும்.

அண்ணன் திங்கள் காலையில் கடலுக்குப் போயிருந்தான். எங்கள் பக்கம் விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றித்தான் போகும். விசைப்படகு காலையில் போனால் மறுநாள் காலையில் கரைக்கு வரும். படகு போன ராத்திரி எங்கள் தெருவில் யாரும் போனை சைலண்டில் போட மாட்டார்கள். அன்றைக்கு ராத்திரி தெரு வாட்ஸ்அப்பில், இலங்கை நேவி படகுகளை விரட்டுகிறது என்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. உண்மையா பொய்யா தெரியாது, பாதி நாள் பொய்யாகத்தான் இருக்கும். காலை ஏழே காலுக்கு தேர்வு மையத்து வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னும் வரல பிள்ள. வந்துருவான். நீ போயி எழுது" என்றார்.

உள்ளே போனேன்.

முதலில் பாஸ்போர்ட். தேர்வுக்கு அனுமதி என்று ஒரு மின்னஞ்சல் வரும், ஏடிடி என்பார்கள். அதில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு இனிஷியல் என்று ஒன்று இருக்கிறதே, அது ஒரு தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும், சர்டிபிகேட்டில் ஒற்றை எழுத்தாக இருக்கும். விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அடியுங்கள்.

பிறகு கையெழுத்து, போட்டோ, உள்ளங்கை ஸ்கேன். கைரேகை இல்லை, தோலுக்கு அடியில் ஓடும் ரத்த நரம்பின் அமைப்பைப் படிக்கும் மெஷின். ஆறு வருஷமாக அடுத்தவர்கள் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடியவள் நான். அன்றைக்கு என் நரம்பை ஒரு மெஷின் தேடியது. வலது கையில் நண்டு கடித்த பழைய தழும்பு இருக்கிறது, அதனால் ஏதும் ஆகுமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்ததுதான் லாக்கர். ஒரு பிளாஸ்டிக் பை தந்து போனை அணைத்து அதில் போடச் சொன்னார்கள். பையை ஒட்டி மூடிவிடுவார்கள். இதற்கு மறுத்தால் தேர்வே கிடையாது. அந்தப் பையை உங்கள் லாக்கரிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாம் முடிகிற வரைக்கும் திறக்கக்கூடாது. போன், ஸ்மார்ட் வாட்ச், படிக்கிற குறிப்பு எதையும் இடைவேளையில்கூடத் தொடக்கூடாது. சாப்பாடு, தண்ணீர், மாத்திரை, கைப்பை, சாதாரண வாட்ச், இதெல்லாம் அறைக்குள் வரக்கூடாது, ஆனால் இடைவேளையில் எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். என் சாப்பாட்டுப் பைக்குள் மருந்து டோஸ் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடந்தது. ரயிலில் படித்துவிட்டு எதில் செருகினேன் என்று மறந்திருந்தேன். லாக்கரைப் பூட்டும் முன்னால் பார்த்தேனோ பிழைத்தேனோ. அங்கேயே கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். இடைவேளையில் தயிர்சாதத்தோடு அது வெளியே வந்திருந்தால் நான் என்ன சொன்னாலும் யார் நம்புவார்கள்?

கழுத்தில் உத்தரியம் போட்டிருந்தேன், கத்தோலிக்கர்கள் மாட்டிக்கொள்ளும் துணித் துண்டு கோத்த கயிறு. இது என்ன என்று அங்கே சோதனை செய்த பெண் கேட்டார். துணித் துண்டு, உள்ளே ஒன்றும் இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. விவாதிக்கத் தெம்பில்லாமல் நானே கழற்றி லாக்கரில் வைத்தேன். மதச் சின்னம், தலைத்துணி வைத்திருப்பவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். பெரிய ஹேர் கிளிப்பையும் கழற்றச் சொன்னார், ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டேன். கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினேன், கைமடிப்பை இழுத்துக் காட்டினேன். பாக்கெட் இல்லாத முழுக்கை குர்த்தி போட்டிருந்தது இரண்டு வகையில் புண்ணியம். காட்ட பாக்கெட் இல்லை, ஏசி குளிருக்கும் தாங்கியது. கோட்டு, ஷால் போர்த்திக்கொண்டு உள்ளே போக விடமாட்டார்கள்.

எழுதிப் பார்க்க காகிதம் இல்லை. அழித்து எழுதும் அட்டையும் ஒரு மார்க்கரும் தருவார்கள். நிறைந்துவிட்டால் கையைத் தூக்கினால் வேறு தருவார்கள். காதுக்கு அடைப்பான் கேட்டேன், கிடைத்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் படிக்கிறீர்கள் என்பதால் மறைக்காமலே எழுதுகிறேன். நாலு நாள் கழித்து வர வேண்டிய மாதவிலக்கு, தேர்வு தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் வந்துவிட்டது. முதல் இடைவேளைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. வார்டில் எட்டு மணி நேரம் பாத்ரூம் போகாமல் நின்று பழகிய உடம்புதான், ஆனால் இது அடக்குகிற விஷயம் இல்லையே. கையைத் தூக்கினேன்.

திட்டமிட்ட இடைவேளை இல்லாமலும் எழுந்து போகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கையைத் தூக்க வேண்டும், அவர்கள் வந்து திரையை நிறுத்தி வைப்பார்கள், வெளியே கூட்டிப்போவார்கள். நீங்களாக எழுந்து நடக்கக்கூடாது, அவ்வளவுதான். எழும்போது திரை மூலையில் 3:43 காட்டியது. வெளியே போகும்போது உள்ளங்கை. லாக்கர். நாப்கின் இருந்த சின்னப் பர்ஸ். பாத்ரூம் அலுவலகத்துக்கு வெளியே, தாழ்வாரத்துக் கோடியில். திரும்பி வந்து கைமடிப்பு, காது, கண்ணாடி எல்லாம் முதலிலிருந்து. மறுபடி உள்ளங்கை. உட்கார்ந்தபோது 3:34.

ஒன்பது நிமிஷம். ஐந்து மணி நேரத்தை 150 கேள்விக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம். நாலரைக் கேள்வி பாத்ரூமுக்குப் போய்விட்டது. இதில் பாதி நேரம் சோதனைக்கே போனது. ஆகவே வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது பாத்ரூமுக்கு மூன்று நிமிஷம் என்று கணக்குப் போடாதீர்கள், பத்து என்று போடுங்கள்.

அதனால் இரண்டு மணி நேரத்தில் திரை கேட்டபோது வேண்டாம் என்றேன். மூன்றரை மணி நேரத்தில் எடுத்தேன். வயிறு காந்தியது, கண் எரிந்தது. லாக்கரைத் திறந்ததும் குப்பென்று கருவாட்டு வாசம். அம்மா தயிர்சாதத்துக்கு நெத்திலிக் கருவாட்டை வறுத்து ஞாயிற்றுக்கிழமையே கட்டிக் கொடுத்திருந்தார். சாதத்தைச் சித்தி வீட்டில் மாற்றிவிட்டேன், கருவாட்டை மாற்ற மனசு வரவில்லை. பக்கத்து லாக்கர்காரர் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டேன்.

டப்பா அடியில் இருந்தது. அதன் மேல் ஒட்டி மூடிய பைக்குள் என் போன்.

காலையில் அவசரத்தில் கடைசியாக வைத்தது போனைத்தான், அதனால் அது மேலே. டப்பாவை எடுக்க வேண்டுமென்றால் போன் பையைத் தூக்க வேண்டும். கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. மணி பதினொன்றரை தாண்டியிருக்கும். படகு வந்திருந்தால் அம்மாவிடமிருந்து ஒரு வரி வந்திருக்கும். வராமல் இருந்தாலும் ஒரு வரி வந்திருக்கும். பையின் ஓரத்தை விரலால் கிழித்தால் போதும், ஐந்து விநாடி வேலை. 29,000 ரூபாயும் எட்டு மாசப் படிப்பும் அந்த ஓரத்தில் இருந்தது. அப்போது பணம்கூட நினைவுக்கு வரவில்லை. அண்ணன் ஐயாயிரத்தை எண்ணி என் கையில் வைத்தபோது அதிலிருந்து வந்த ஐஸ் மீன் வாடைதான் வந்தது.

கையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "மேடம், இந்தப் பையைத் தொடாம என் டப்பாவை எடுக்க முடியாது. நீங்க பாத்துக்கிட்டே இருங்க, நகத்தி வச்சிக்கிறேன்."

"நகத்திக்கங்க, திறக்காம இருந்தா சரி" என்றார். ஆனாலும் நின்று பார்த்தார். அவர் வேலை அது. நானாகக் கூப்பிட்டதில் எனக்குத்தான் நிம்மதி. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் கேட்டுவிடுவது எப்போதும் லேசு.

தயிர்சாதம் நாலு வாய்தான் இறங்கியது. சாதம் தப்பான தேர்வு. கை கழுவ வேண்டும், மெல்ல வேண்டும், அதற்கெல்லாம் கடிகாரம் ஓடுகிறது. ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் போதும் என்று இப்போது கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தண்ணீரும் தொண்டை நனைகிற அளவுக்குத்தான். டப்பாவை மூடி வைத்துவிட்டு மறுபடி காது, கைமடிப்பு, உள்ளங்கை.

அதற்குப் பிறகு ஒரு இருபது கேள்விதான் போயிருக்கும். 112வது கேள்விக்குப் பதில் கொடுத்ததும் திரை நின்றுவிட்டது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அப்போது தெரியாது, அந்த எண்ணில் நின்றவர்கள் பாஸும் ஆகியிருக்கிறார்கள், ஃபெயிலும் ஆகியிருக்கிறார்கள். அட்டையையும் மார்க்கரையும் திருப்பிக் கொடுத்தேன். போன் பையை அவர்கள் முன்னாலேயே திறந்தேன். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டு, உத்தரியத்தைக் கழுத்தில் மாட்டி, லாக்கர் சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போதே போனை ஆன் செய்தேன்.

அம்மாவிடமிருந்து ஏழு மிஸ்டு கால். எனக்குக் கால் ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"அண்ணன் எங்கம்மா?"

"அவன் எட்டரைக்கே வந்து குளிச்சிச் சாப்பிட்டுத் தூங்குறான். எறால் ஒண்ணுமில்ல, நண்டுதான். நல்லா எழுதுனியா?"

"எழுதியிருக்கேன். அப்புறம் எதுக்கு ஏழு தடவ அடிச்சீங்க?"

"இல்ல பிள்ள, அந்த டப்பா உன் அண்ணி வீட்டுச் சீர் டப்பா. எவர்சில்வர். மறந்துராம எடுத்துட்டு வான்னு சொல்லத்தான்."

நான் பாதிப் படியில் நின்று, மேலே லாக்கர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.